கெண்டைக்கால் வலி

"ஓடுறதெல்லாம் சரி சார், முட்டி என்ன ஆகும்?"

பதினான்கு வருடமாக இந்தக் கேள்வி என்னைத் துரத்துகிறது. கல்யாண வீட்டில், ரேஷன் கடை வரிசையில், ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருப்பவரிடமிருந்து. பதில் சொல்லி அலுத்துப்போய், "இருக்கிற வரைக்கும் ஓடும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

எனக்கு ஓட்டம் பழக்கிவிட்டவர் ஒரு நண்பர். இருவரும் ஒரே வங்கி, கடைசி ஆறு வருடம் சென்னையில் ஒரே கிளை. 2011-ல் எனக்கு 52 வயது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன வாரத்தில், "நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு பெசன்ட் நகர் பீச்சுக்கு வாய்யா" என்று கூப்பிட்டார். போனேன். இருநூறு மீட்டர் ஓடுவதற்குள் நாக்கு தள்ளிவிட்டது. அவர் பக்கத்திலேயே நடந்து வந்தார். மூன்று மாதத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓடினேன். அவரோ 21 கிலோமீட்டர் ஓட்டத்தை நான்கு முறை முடித்தவர். ரிடையரான பிறகு சொந்த ஊரான மதுரைக்கே போய்விட்டார்.

சென்ற டிசம்பரில் அவருக்கு வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. செய்தி கேட்ட சொந்தபந்தம் முழுவதும் என் பக்கம் திரும்பியது. "பாத்தீங்களா, ஓடி ஓடித் தேய்ச்சுட்டார். நீங்களும் நிறுத்திடுங்க." அவருடைய முட்டி கெட்டது ஓட்டத்தால் அல்ல என்று அவருக்கு அறுவை செய்த டாக்டரே சொல்லியிருந்தார். முப்பது வயதுக்குள் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து ஜவ்வு கிழிந்த முட்டி அது. 2017-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில், உடல்நலத்துக்காக அளவாக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்குத்தான் இடுப்பிலோ முழங்காலிலோ மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருந்தவர்களில் அது 10.2 சதவீதம். போட்டிக்காகக் கடுமையாக ஓடுகிறவர்களில் 13.3 சதவீதம். எங்களைப் போன்ற ஆமை ஓட்டக்காரர்கள் பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் இன்று எழுத வந்தது முட்டியைப் பற்றி அல்ல. அதற்குக் கொஞ்சம் கீழே இருக்கிற கெண்டைக்காலைப் பற்றி. நண்பர் எழுதச் சொன்னார், பெயரை மட்டும் போட வேண்டாம் என்றார்.

அரையாண்டு விடுமுறை விட்டதும் குடும்பத்தோடு ஒரு கார்ப் பயணம் கிளம்பினோம். நான், மனைவி, மகன், மருமகள், பதினொரு வயதுப் பேத்தி, ஏழு வயதுப் பேரன். ஆறு பேருக்கு ஒரு எர்டிகா. திருச்சியில் ஒரு இரவு, மதுரையில் ஒரு இரவு, ராமேஸ்வரத்தில் இரண்டு இரவு, பிறகு தூத்துக்குடி, திருச்செந்தூர் வழியாகக் கன்னியாகுமரி. விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவில் கண்ணாடிப் பாலம் போட்டிருக்கிறார்கள் அல்லவா, அதில் நடக்க வேண்டும் என்பது பேத்தியின் ஒரே கோரிக்கை.

ஜனவரியில் 10 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருந்ததால் ஓட்டத்துக்கு லீவு விட முடியாது. என் ஷூவுக்குத் தனிப் பை. அதை காருக்குள் வைக்கக்கூடாது, டிக்கியில்தான் வைக்க வேண்டும் என்பது மருமகளின் உத்தரவு. நியாயமான உத்தரவுதான்.

நான் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்த வேண்டும், எல்லோரும் இறங்கி ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். திண்டிவனம் தாண்டி ஒரு தடவை, உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு தடவை, பெரம்பலூரில் ஒரு தடவை நின்றோம். "அப்பா, இது எர்டிகாவா, டவுன் பஸ்ஸா?" என்றான் மகன். நான் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்குவதைப் பேரன் பார்த்துவிட்டு அவனும் பக்கத்தில் நின்று செய்ய ஆரம்பித்தான். டீக்கடையில் இருந்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாள் விடியற்காலை ஸ்ரீரங்கத்தில் ஓடினேன். மார்கழி மாதம், பகல்பத்து நேரம். சித்திரை வீதிகளில் ஐந்து மணிக்கே வாசல் தெளித்துக் கோலம் போட ஆரம்பித்துவிட்டார்கள். கோலத்தை மிதிக்காமல் ஓடுவதற்குத் தனித் திறமை வேண்டும். நடுவே பரங்கிப்பூ வைத்த கோலங்களைச் சுற்றிச் சுற்றி ஓடியதில் அன்றைக்கு நான்கு கிலோமீட்டர் ஐந்தாகியிருக்கும்.

விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் வழியாக அன்று மதியம் மதுரை வந்தோம். நண்பரின் வீடு தெப்பக்குளத்துக்குப் பக்கம். அறுவை சிகிச்சை முடிந்து ஒன்பதாவது நாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்து வரவேற்றார். "பாத்தியா, புது பேரிங் போட்டாச்சு" என்றார். பிசியோதெரபிஸ்ட் தினமும் வருகிறார், மாத்திரைகளை அவர் மனைவி வேளை தவறாமல் கொடுக்கிறார். அவர் என்னை அண்ணே என்று கூப்பிடுவார், நான் தங்கச்சி என்பேன். முப்பது வருடப் பழக்கம். வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறார். கழுத்தில் எப்போதும் ஒரு அளவு டேப் தொங்கும். மகன் டொராண்டோவில் இருக்கிறான். அப்பாவின் அறுவைக்கு வந்து, வீட்டுக்கு அழைத்து வந்து விட்டுவிட்டு, முந்தின நாள்தான் திரும்பிப் போயிருந்தான். சாப்பிட்டோம், பழைய கிளை மேலாளர்களைப் பற்றிப் பேசிச் சிரித்தோம். அவர் முகத்தில் சோர்வைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. வியாழக்கிழமை அது.

வெள்ளிக்கிழமை பரமக்குடி, ராமநாதபுரம் தாண்டி ராமேஸ்வரம். பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்த விடமாட்டார்கள் என்பதால், பேரன் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தின் நடுப்பகுதி மேலே தூக்குமா தூக்குமா என்று பார்த்துக்கொண்டே வந்தான். அது தூக்கவில்லை. கோவிலில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம். 22 தீர்த்தத்திலும் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வந்தோம்.

சனிக்கிழமை காலை தனுஷ்கோடி. இடிந்த தேவாலயத்துக்குப் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு, பிள்ளைகள் 1964 புயலில் மிஞ்சிய சுவர்களைப் பார்க்கப் போனார்கள். நான் அரிச்சல்முனை நோக்கி ஓடினேன். போக நாலரை கிலோமீட்டர், வர நாலரை. இடது பக்கம் பெண்கடல், வலது பக்கம் ஆண்கடல், நடுவே ஒரே ஒரு தார்ச்சாலை. மார்கழியில் பெயருக்கு நேர்மாறாகப் பெண்கடல்தான் இரைந்துகொண்டிருந்தது. வாடைக்காற்று பக்கவாட்டில் தள்ளியது. திரும்பி வந்து சேரும்போது என் இரண்டு கெண்டைக்கால்களும் கல்லாக இறுகிவிட்டன. கார் பம்பரில் காலை வைத்து நீட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அண்ணே, ஒண்ணும் அவசரமில்லை. நீங்க ஓடுறவங்கல்ல, கெண்டைக்கால் இழுத்துப் பிடிச்சா என்ன தைலம் தேய்ப்பீங்க?"

யாருக்கு என்று கேட்டேன்.

"இவருக்குத்தான். நேத்து ராத்திரியிலேர்ந்து கெண்டைக்கால் வலிக்குதுங்கிறார். எக்சர்சைஸ் பண்ணினதுல பிடிச்சிருக்கும்னு சொல்றார். பக்கத்து வீட்டு அக்கா நல்லெண்ணெயைச் சுடவச்சு நல்லா உருவிவிட்டா சரியாயிரும்கிறாங்க."

எங்கள் ஓட்டக் குழுவில் ஒரு பொது மருத்துவர் இருக்கிறார். சில வருடங்களுக்கு முன் குழுவிலிருந்து சிலர் வெளிநாட்டு மாரத்தான் ஒன்றுக்கு விமானத்தில் கிளம்பியபோது, நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தால் காலில் ரத்தம் உறைவதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அவர் சொன்னதில் மூன்று விஷயம் என் மனதில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு காலில் மட்டும் வருகிற வலியைச் சந்தேகப்படு. இரண்டு கெண்டைக்காலையும் அளந்து பார், மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அலட்சியம் செய்யாதே. சந்தேகம் தீரும்வரை அந்தக் காலை அமுக்கவோ உருவவோ கூடாது, கட்டி பெயர்ந்து மேலே போய்விடக்கூடும்.

"எண்ணெயை அடுப்பிலேர்ந்து இறக்கும்மா. உன் டேப்பை எடுத்துக்கோ" என்றேன். முட்டிக்குக் கீழே அரைச் சாண் இறக்கி, இரண்டு காலிலும் ஒரே இடத்தில் அளக்கச் சொன்னேன். தையல்காரர் கை, பிசகாது. இடது கால் 34 சென்டிமீட்டர். வலது கால் முப்பத்தெட்டரை. தொட்டால் சுடுகிறதா என்றேன். சுடுகிறது, தோல் பளபளவென்று இருக்கிறது என்றார்.

அறுவை செய்த கால் வீங்கத்தான் செய்யும். ஆகவே இது வெறும் வீக்கமாகவும் இருக்கலாம். ஆனால் வியாழக்கிழமை நான் பார்த்த கால் இப்படி இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். நண்பர் போனை வாங்கினார். "யோவ், நாளைக்கு ஞாயித்துக்கிழமை. திங்கக்கிழமை எப்படியும் ரிவ்யூ இருக்கு. ரெண்டு நாள் பொறுக்க மாட்டேனா? நீ போய்ப் புள்ளைங்களோட கடலைப் பாரு" என்றார். பொறுக்க முடியும் என்று எனக்குத் தெரியும். அதுதான் பயமாக இருந்தது. "நான் கேட்டதுக்காகப் போய்யா, ஒண்ணுமில்லேன்னா ஆட்டோ காசு நான் தரேன்" என்றேன். முட்டி மடங்காததால் ஆட்டோவில் ஏற முடியவில்லை. எதிர்வீட்டுப் பையன் காரின் பின் சீட்டில் காலை நீட்டி உட்காரவைத்துக் கூட்டிப் போனான்.

அங்கே அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் பார்த்துவிட்டு, ஆபரேஷன் செய்த காலில் வீக்கம் சகஜம்தான், திங்கட்கிழமை சர்ஜனைப் பாருங்கள் என்றாராம். தங்கச்சி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "வீக்கம் நாளுக்கு நாள் குறையணும்ல டாக்டர், ஏன் கூடுது? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பையனும் பாவம், இரண்டு நொடி யோசித்துவிட்டு டாப்ளர் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். மாலை நான்கு மணிக்கு முடிவு வந்தது. கெண்டைக்காலில் தொடங்கி முட்டிக்குப் பின்புறம் வழியாகத் தொடை வரை ஆழமான சிரைக்குள் ரத்தம் உறைந்திருந்தது. உடனே படுக்கையில் சேர்த்து, வயிற்றில் ஹெபாரின் வகை ஊசி போட்டார்கள்.

சரி, கண்டுபிடித்தாகிவிட்டது என்று நாங்கள் ராமேஸ்வரத்தில் மூச்சு விட்டோம். நள்ளிரவு தாண்டி இரண்டேகாலுக்கு மறுபடி போன். நண்பருக்குத் திடீரென்று மூச்சு வாங்குகிறது, நெஞ்சில் குத்துகிறது, நாடித்துடிப்பு 130, ஆக்சிஜன் அளவு 86. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கட்டியில் ஒரு துண்டு பெயர்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தது. தங்கச்சியின் குரலில் அழுகை இல்லை. "யாரோ கையெழுத்துப் போடச் சொல்றாங்கண்ணே, எதுக்குன்னு புரியலை" என்றார்.

நான் போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மனைவி பெட்டியைத் திறந்து துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மகன் கன்னியாகுமரி விடுதியை ரத்து செய்தான், ஒரு நாள் வாடகை போனது. பேரன் தூக்கக் கலக்கத்தில், "கண்ணாடிப் பாலம் இல்லையா?" என்று அழுதான். அதற்காகவே வந்த பேத்தி ஒன்றும் சொல்லவில்லை. அவளே அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். மூன்றரைக்குக் கிளம்பி, இருட்டில் பாம்பனைக் கடந்து, ஏழு மணிக்கு மதுரை. பரமக்குடியில் என் மகன் நான் கேட்காமலே வண்டியை நிறுத்தினான். எல்லோரும் இறங்கி நடந்தோம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவரை மட்டும் ஐந்து நிமிடம் விடுவார்கள். முதலில் தங்கச்சி, மாலையில் நான். மூக்கில் ஆக்சிஜன் குழாய், கையில் சொட்டு மருந்து. என்னைப் பார்த்ததும், "கன்னியாகுமரி போகலையா?" என்றார். அந்த இரண்டு சொல்லுக்கு இரண்டு முறை மூச்சு வாங்கியது. 21 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து என்னோடு வழவழவென்று பேசிய மனிதர்.

நுரையீரல் டாக்டர் எங்களை உட்காரவைத்து ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். பாதத்துக்கு இறங்கிய ரத்தம் மேலே ஏற வேண்டும். இதயம் மேலிருந்து இழுப்பதில்லை. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் உள்ளே இருக்கும் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அதைத் திரும்ப இறங்கவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. கெண்டைக்காலுக்கு இரண்டாவது இதயம் என்று பெயர் வந்தது இதனால்தான். அந்தத் தசை சும்மா இருந்தால் ரத்தம் தேங்கும். தேங்கினால் உறையும். 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவர் ரூடால்ஃப் விர்ச்சோவின் பெயரால் மூன்று காரணங்களைச் சொல்கிறார்கள்: ரத்த ஓட்டம் மந்தமாவது, ரத்தக் குழாயின் சுவர் காயப்படுவது, ரத்தத்துக்கே உறையும் தன்மை கூடுவது. முழங்கால் மாற்று அறுவையில் இந்த மூன்றும் ஒன்றாக வந்து நிற்கின்றன.

"மாத்திரை ஒரு வேளைகூட விடலையே டாக்டர், நாங்க என்ன தப்பு பண்ணினோம்?" என்று தங்கச்சி கேட்டார். "ஒண்ணும் பண்ணலைம்மா. மாத்திரை ஆபத்தைக் குறைக்கும், அடியோட ஒழிக்காது. ஒழுங்கா இருக்கறவங்கள்லயும் சில பேருக்கு வரும்" என்றார். அந்த ஒரு பதிலுக்குப் பிறகுதான் அந்த அம்மா அன்றைக்கு முதன்முதலாகத் தண்ணீர் குடித்தார்.

கட்டியைக் கரைக்கிற மருந்து ஒன்று உண்டு. ஆனால் அறுவை நடந்து இரண்டு வாரம்கூட ஆகாதவருக்கு அதைக் கொடுத்தால் எங்கே ரத்தம் கசியும் என்று சொல்ல முடியாது. ரத்த அழுத்தம் இறங்காமல் நின்றதால் அது தேவைப்படவில்லை. ஹெபாரின் கட்டியைக் கரைக்காது, மேலும் வளராமல் தடுக்கும். கரைக்கிற வேலையை உடம்பே மெதுவாகச் செய்துகொள்ளும். அதிலும் ஒரு சிக்கல் வந்தது. மூன்றாம் நாள் முட்டிக்குள் ரத்தம் கசிந்து பந்து மாதிரி வீங்கியது. மருந்தை நிறுத்தினால் நுரையீரலுக்கு ஆபத்து, கொடுத்தால் முட்டிக்கு ஆபத்து. எலும்பு டாக்டரும் நுரையீரல் டாக்டரும் வராந்தாவில் நின்று பேசிக்கொண்டிருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். அளவைக் குறைத்து, கூட்டி, ரத்தத்தைச் சோதித்து, மறுபடி குறைத்து இரண்டு நாள் ஓட்டினார்கள்.

நாங்கள் ஐந்து நாள் மதுரையில் இருந்தோம். மகன் இன்ஷூரன்ஸ் மேசையே கதி என்று கிடந்தான். முதல் அனுமதி மூட்டு மாற்றுக்கு, இது வேறு நோய், வேறு படிவம் என்று அலையவிட்டார்கள். மருமகள் இரவில் தங்கச்சிக்குத் துணையாக ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்தாள். என் மனைவி நண்பரின் வீட்டுச் சமையலறையை எடுத்துக்கொண்டாள். பேத்தி டொராண்டோவுக்கு தினமும் இரண்டு வேளை வாட்ஸ்அப்பில் சேதி அனுப்பினாள். டிக்கெட் கிடைத்து நண்பரின் மகன் மறுபடி வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. காலையில் நான் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடினேன். ஒரு சுற்று சுமார் 1.2 கிலோமீட்டர். அங்கே நடக்கிறவர்களில் பாதிப் பேருக்கு நண்பரைத் தெரிந்திருந்தது. "சார் எப்படி இருக்கார்?" என்று ஒவ்வொரு சுற்றிலும் யாராவது நிறுத்திக் கேட்டார்கள்.

ஐந்தாம் நாள் அவரைச் சாதாரண அறைக்கு மாற்றினார்கள். அங்கே உட்கார்ந்து பேசும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. வலி வெள்ளிக்கிழமை இரவு தொடங்கியதில்லை. வியாழக்கிழமை இரவே, நாங்கள் விருந்து சாப்பிட்டுக் கிளம்பிய சில மணி நேரத்திலேயே தொடங்கிவிட்டது. ஒரு நாள் முழுக்கச் சொல்லவில்லை.

"நாலு தடவை 21 கிலோமீட்டர் ஓடினவன்யா நான். கெண்டைக்கால் வலிக்குதுன்னு பொண்டாட்டிகிட்ட போய்ச் சொல்றதா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தங்கச்சி சிரிக்கவில்லை.

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது, ஏனென்றால் எங்களை ஓட்டக்காரர்களாக ஆக்கியதே வலியைப் பொறுக்கும் பழக்கம்தான். பதினைந்தாவது கிலோமீட்டரில் கால் கெஞ்சும். கேட்காமல் ஓடினால் இருபத்தொன்று முடியும். இதை வருடக்கணக்கில் செய்தவனுக்கு வலி என்றாலே கேட்கக்கூடாத ஒன்று என்று மனதில் பதிந்துவிடுகிறது. ஆண்பிள்ளைகளுக்கு அது இரண்டு மடங்கு. ரிடையரான ஆண்பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதல். வலிக்கிறது என்று சொன்னால் வயதாகிவிட்டது என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமே.

ஓட்டத்தில் வருகிற வலிக்கு ஒரு குணம் உண்டு. பெரும்பாலும் இரண்டு காலிலும் வரும். ஓடிய மறுநாள் கூடும், அடுத்தடுத்த நாளில் குறையும். கொஞ்சம் நடந்தால் இளகும். ஏன் வந்தது என்று நமக்கே தெரியும். நண்பருக்கு வந்தது அப்படி இல்லை. ஒரு காலில் மட்டும், வீக்கத்தோடும் சூட்டோடும், நாளுக்கு நாள் கூடியது. ஓடாத காலில் ஓடிய வலி வந்தால் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கு 2011-ல் இதே நுரையீரல் அடைப்பு வந்தது. 2017-ல் சிசேரியன் செய்து குழந்தை பிறந்த மறுநாள் மூச்சு வாங்கியபோது, அவர் பொறுத்துக்கொண்டு படுத்திருக்கவில்லை. இது அதுதான், ஸ்கேன் எடுங்கள் என்று பிடிவாதமாகக் கேட்டார். முதலில் காலில்தான் பார்த்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. பிறகு நுரையீரலை சி.டி. எடுத்ததில் கட்டிகள் இருந்தன. வலியைப் பொறுப்பதில் அவரைவிடப் பழகியவர் யார்? அவரே வாயைத் திறந்து கேட்டிருக்கிறார்.

வீட்டில் யாருக்காவது இடுப்பு, முழங்கால் அறுவை நடந்திருந்தால் இதை நினைவில் வையுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் ஆபத்து முடிந்துவிடாது, சில வாரங்களுக்கு நீடிக்கும். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்து எது, எத்தனை நாள் என்பதை டிஸ்சார்ஜ் அன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாதத்தை மேலும் கீழும் அசைக்கும் பயிற்சி, அடிக்கடி கொஞ்சம் நடை, இரண்டும் முட்டிக்காக மட்டும் சொல்வதில்லை. அறுவை செய்யாத காலிலும்கூட உறைவு வரலாம். கால் வீங்கி வலித்தால் எண்ணெய் தேய்க்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, மயக்கம் வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

நல்ல உடம்புக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நான்கு மணி நேரத்துக்கு மேல் கார், பஸ், ரயில், விமானம் எதில் உட்கார்ந்து போனாலும் இந்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சொன்னது. ஆரோக்கியமானவர்களில் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான், பயப்பட வேண்டாம். இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் போதும். விர்ச்சோவ் பிறந்த அக்டோபர் 13-ஐ உலக ரத்த உறைவு நாளாக வைத்திருக்கிறார்கள். ஓட்டக் குழுக்கள் அன்றைக்கு ஒரு டாக்டரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லலாம். எங்களுக்கு ஒரு அரை மணி நேரப் பேச்சுதான் உதவியது.

நண்பர் பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை இன்னும் போகிறது. குறைந்தது மூன்று மாதம், பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். முட்டிக்குள் ரத்தம் கட்டியதால் பயிற்சி தடைப்பட்டு, கால் இப்போதைக்கு 85 டிகிரிதான் மடங்குகிறது. தரையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. மறுபடி ஓட முடியாது என்பது அறுவைக்கு முன்பே அவருக்குத் தெரியும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதுதான் அவரை வருத்துகிறது. அதுவும் சரியாகும், நாள் பிடிக்கும் என்கிறார் டாக்டர்.

தினமும் காலையில் தங்கச்சி இரண்டு கெண்டைக்காலையும் அளந்து காலண்டரில் எழுதுகிறார். நேற்று வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர். வலித்தாலும் வலிக்காவிட்டாலும் அவர் ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது இப்போது வீட்டுச் சட்டம். நேற்று போனில் என்னிடம் புகார் செய்தார்: "தினம் ஏதாவது வலியைச் சொல்லணுமாம்யா. இன்னைக்கு ஒண்ணுமே இல்லை, என்னத்தைச் சொல்ல?"

"இல்லைன்னு சொல்லும்யா, அதுவும் கணக்குதான்" என்றேன்.